பாடம் கேட்கப் போன பண்டிதர்

ஏற்றம் இறைத்த கை ஏடு பிடிக்குமா? பிடித்தது! சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டில் கிளியாந்தீஸ் என்ற ஏழை இருந்தார். இரவில் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைத்துக் கூலி வாங்குவார். பகலில் சீனோ என்ற ஞானியிடம் தத்துவம் படிப்பார். எழுத ஏடு வாங்கக் காசு கிடையாது. ஓட்டுச் சில்லிலும் மாட்டு எலும்பிலும் பாடத்தை எழுதி வைத்தாராம்.

நம் காவிரிக் கரையிலும் அப்படிப் படித்த ஒருவர் உண்டு. பாபநாசத்துக்கு அருகே உத்தமதானபுரத்தைச் சேர்ந்த, 1855-ல் பிறந்த உ.வே.சாமிநாதையர்தான் அவர்.

தகப்பனார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். சொத்து இல்லை. மகனுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்க ஆள் கிடைத்த ஊருக்கெல்லாம் குடும்பத்தோடு குடிபோனார். 1871-ல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பையனைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1876-ல் பிள்ளை காலமாகும்வரை பாடம் நடந்தது.

1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதர் உத்தியோகம் கிடைத்தது. மாதச் சம்பளம் 50 ரூபாய். அந்தக் காலத்தில் அது நல்ல பணம். இனிப் படிக்க என்ன இருக்கிறது என்று வேறொருவர் உட்கார்ந்திருப்பார்.

அதே ஆண்டு, ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் ராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறார் என்று முதலியார் விசாரித்தார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று ஐயர் அடுக்கினார். முதலியார் முகம் மலரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை!

புத்தகம் கைக்கு வந்தது. படித்தால் தமிழ் புரிந்தது, கருத்து புரியவில்லை. அது சமண காவியம். சைவ மடத்தில் படித்தவருக்குச் சமண தத்துவம் எப்படித் தெரியும்?

பண்டிதர் கூச்சப்படவில்லை. மறுபடியும் மாணாக்கரானார். கும்பகோணத்துச் சமணர் வீடுகளைத் தேடிப் போனார். ஒரு வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம், கோலம். கல்யாணமோ என்று நினைத்தார். இல்லை, சிந்தாமணி படித்து முடித்ததற்கு அந்தக் கொண்டாட்டம்! கல்லூரிப் பண்டிதர் தொடாத நூல், அங்கே பூஜைக்குரிய நூல். சந்திரநாத செட்டியார் என்பவரிடம் சந்தேகங்களைக் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். அவர் ஆர்வத்தைக் கண்ட ஒரு சமண அம்மாள், இவர் பவ்ய ஜீவன், அதாவது மோட்சத்துக்குத் தகுந்த உயிர், என்று வியந்தாராம். சிந்தாமணி 1887-ல் அச்சேறியது.

அடுத்தது மணிமேகலை. கஷ்டம் இரட்டிப்பாயிற்று. சமணத்தைச் சொல்லித்தரச் சமணர் இருந்தார்கள். பௌத்தத்தைச் சொல்லித்தர யார் இருந்தார்கள்? கோடியக்கரைக்கு வடக்கே, அதே கடற்கரையில், நாகப்பட்டினத்தில் ஒரு பழைய பௌத்தக் கோபுரம் நின்றது. அதையும் 1867-ல் இடித்துவிட்டார்கள். கடைசியில், கூட வேலை பார்த்த மளூர் ரங்காசாரியார் கைகொடுத்தார். இங்கிலீஷ் புத்தகங்களைப் படித்து அவர் விளக்க, ஐயர் குறித்துக்கொண்டார். 1898-ல் மணிமேகலை வெளிவந்தது. புத்தர் வரலாறும் பௌத்த தர்மமும் வசனத்தில் அதோடு சேர்ந்து வந்தன.

1932-ல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. அப்போது வயது 77. அதன் பிறகும் சுவடியைக் கீழே வைக்கவில்லை. குறுந்தொகைப் பதிப்பு 1937-ல் வந்தது. ஐயர் காலமானது 1942-ல்.