டீசல் காருக்குப் பெயர் தந்தவர் எப்படி மறைந்தார்?

அம்பத்தூர் மெக்கானிக் ஷெட்களில் தினமும் அடிபடும் டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர். ருடால்ஃப் டீசல், 1858-ல் பாரிஸில் பிறந்த ஜெர்மானியர். அன்றைய நீராவி இன்ஜின்களில் எரிபொருளின் வெப்பத்தில் சுமார் 90 சதவீதம் வீணானது. ஸ்பார்க் பிளக்கே வேண்டாம், காற்றை அழுத்தினால் வரும் சூடே போதும் என்று களமிறங்கினார். 1893-ல் முதல் சோதனையிலேயே வெடிவிபத்து, ஆனாலும் விடவில்லை. 1897-ல் ஆக்ஸ்பர்க்கில் அவரது இன்ஜின் சுமார் 26 சதவீதத் திறனைத் தொட்டது.

இந்த இன்ஜினின் வேகத்தை முடிவு பண்ணுவது உள்ளே போகும் டீசலின் அளவுதான். அதனால் உங்க ஆட்டோமேட்டிக் காரில் நியூட்ரலிலேயே ஆர்பிஎம் ஏறி இறங்கினால், முதலில் ஃபியூயல் ஃபில்டர், இன்ஜெக்டரைப் பாருங்க. ஆர்பிஎம் ஏறியும் வண்டி இழுக்கலைன்னா, கியர்பாக்ஸைச் சந்தேகிக்கணும்.

கடனில் தவித்த டீசல், 1913 செப்டம்பர் 29 இரவு இங்கிலாந்து சென்ற கப்பலிலிருந்து காணாமல் போனார். பிறகு கடலில் சடலம்தான் கிடைத்தது. தற்கொலையா, விபத்தா, கொலையா? இன்றுவரை விடையில்லை.