தில்லையாடி வள்ளியம்மையார்

கடல் கடந்து சென்ற குடியினர் தம் முன்னோரைத் தேடுங்கால் ஊர்ப்பெயர் ஒன்றே அவர்க்குக் கைவிளக்காகும். அவ்வூர்ப்பெயரைத் தம் பெயரோடு சேர்த்து நிலைபெறச் செய்த வள்ளியம்மையாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

தரங்கம்பாடியை அடுத்துள்ளது தில்லையாடி. அவ்வூர்க் குடியினராகிய முனுசாமி முதலியார் தென்னாப்பிரிக்கா சென்று ஜோகன்னஸ்பர்க்கு நகரில் வாணிகஞ் செய்து வாழ்ந்தார். அவர்தம் மகளாய் 1898-ஆம் ஆண்டில் வள்ளியம்மையார் அந்நகரிற் பிறந்தார்.

1913-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், கிறித்தவ முறைப்படி நிகழாத மணங்கள் சட்டத்திற்கு ஒவ்வா எனக் கேப் மாகாண நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாலி கட்டி வாழ்ந்த மங்கையர் மனைவியர் அல்லர், அவர் பெற்ற மக்கள் உரிமை மக்கள் அல்லர் என்னும் இழிநிலை அதனால் நேர்ந்தது. குலமரத்தின் வேரில் விழுந்த வெட்டன்றோ அது! ஒப்பந்தக் காலம் முடிந்த கூலிகள்மீது ஆண்டுதோறும் 3 பவுன் தலைவரியும் சுமத்தப்பட்டிருந்தது. இவற்றை எதிர்த்துக் காந்தியடிகள் தொடுத்த அறப்போரில் பெண்டிரும் புகுந்தனர். வள்ளியம்மையாரும் தம் அன்னையாருடன் சென்று, மூன்று திங்கள் கடுங்காவல் தண்டம் பெற்று மாரிட்சுபர்க்குச் சிறை புகுந்தார். ஆண்டுக் கொடுங் காய்ச்சல் பற்றியது. எலும்புந் தோலுமாய் வெளிவந்தவரை, சிறை சென்றமைக்கு வருந்துகின்றாரோ என அடிகள் வினவினார். மீண்டும் சிறை புகவும், அங்கே உயிர் விடவும் தாம் ஒருப்படுவதாகவே அவர் விடையிறுத்தார். 1914 பிப்ரவரி 22-ஆம் நாள் உயிர் நீத்தார். அவ்வாண்டிலேயே வரி நீங்கியது. மணங்களும் சட்டத்தால் ஏற்கப்பட்டன. மறு ஆண்டில் அடிகள் தில்லையாடிக்கே நேரிற் சென்றார்.

இவ்வூர்ப்பெயர் நிலைத்தது போல எல்லார் ஊர்ப்பெயரும் நிலைத்திலது. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றோர் ஏறத்தாழ 1,52,000 பேர். கப்பற் பதிவேடுகளில் எண், பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, ஊர் ஆகியன குறிக்கப்பட்டன. ஆயின், எழுத்தர் காதிற் கேட்டவாறே ஆங்கில எழுத்தில் வரைந்தமையால் தமிழ் ஊர்ப்பெயர்கள் உருத்திரிந்தன. கொள்ளுப்பேரர்க்கு எண் கிடைக்கின்றது; ஊர் கிடைப்பதில்லை.

அத்திரிபைத் தீர்த்தற்குரிய செய்தி நம் இல்லங்களிலேயே இருத்தல் கூடும். நேட்டாலுக்கோ, மோரீசுக்கோ, பீஜிக்கோ சென்ற உறவினரைப் பற்றி முதியோர் அறிந்தனவற்றை, ஊரும் வட்டமும் தந்தை பெயரும் விளங்க, அன்பர்கள் இன்றே எழுதி வைப்பாராக. முதியோர் மறைந்தபின் கேட்டறிய ஆளிலர் என்பதை நாம் மறத்தலாகாது.