ஃபாரடேக்கும் கோபம் வந்தது

ஃபாரடே விதியை எழுதாமல் இந்தக் காலேஜில் யாரும் முதல் வருஷத்தைத் தாண்டியிருக்க முடியாது. மோட்டார், ஜெனரேட்டர், ட்ரான்ஸ்ஃபார்மர்னு எதைத் தொட்டாலும் அந்த மனுஷன் பேர் வந்து நிற்கும். புத்தகத்தில் இருக்கிற படத்தைப் பார்த்தால் சாந்தமான தாத்தா மாதிரிதான் தெரிவார். ஆனா அவரோடு கூடவே வேலை பார்த்த ஜான் டின்டால் எழுதி வைத்திருப்பது வேறு. சட்டென்று கொதிக்கிற சுபாவமாம் அவருக்கு. அந்தச் சூட்டை வெளியே சிந்தாமல் வேலைக்குள் திருப்பப் பழகிக்கொண்டாராம். எப்படிப் பழகினார்? அதைத்தான் இங்கே பார்க்கப் போறோம்.

1791-ல் லண்டனை ஒட்டி ஓர் ஏழைக் கொல்லர் வீட்டில் பிறந்தவர் மைக்கேல் ஃபாரடே. பெரிய படிப்பு இல்லை. 14 வயதில் புத்தகம் பைண்டிங் பண்ணும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களை எல்லாம் படித்தார். 1812-ல் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, எடுத்த குறிப்புகளைத் தானே பைண்டிங் பண்ணி டேவிக்கே அனுப்பினார். அடுத்த வருஷம் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது.

உடனே டேவி தம்பதியோடு ஐரோப்பியப் பயணம். டேவியின் வேலைக்காரர் கடைசி நேரத்தில் வரமாட்டேன்னுட்டார். அந்த வேலையும் ஃபாரடே தலையில் விழுந்தது. டேவியின் மனைவி அவரை வேலைக்காரராகவே நடத்தினார். எல்லாத்தையும் விட்டுட்டு ஊருக்குக் கிளம்பிடலாமான்னு நண்பருக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு மனசு நொந்துபோனார். ஆனாலும் கிளம்பவில்லை. அந்த ஒன்றரை வருஷத்தில்தான் ஆம்பியரையும் வோல்டாவையும் நேரில் பார்த்தார்.

பெரிய அடி 1821-ல் விழுந்தது. மின்சாரம் ஓடும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழல்வதை அந்த செப்டம்பரில் அவர் செய்து காட்டினார். இன்றைய மோட்டாருக்கு அதுதான் விதை. அதற்குச் சில மாதம் முன்பு வொல்லாஸ்டன் என்ற பெரிய விஞ்ஞானி வேறு மாதிரிச் சுழற்சி ஒன்றை முயன்று பார்த்திருந்தார். அது நடக்கவில்லை. ஃபாரடே கட்டுரையில் அவர் பெயர் இல்லாததால், திருடிவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. உண்மை தெரிந்த டேவி வாயைத் திறக்கவில்லை.

உங்க ப்ராஜெக்ட்டை வேற யாருதோன்னு டிபார்ட்மென்ட் முழுக்கப் பேசினா என்ன பண்ணுவீங்க? ஃபாரடே துடித்துத்தான் போனார். ஆனால் ஊர் வாயோடு சண்டைக்குப் போகாமல் நேராக வொல்லாஸ்டனுக்கே கடிதம் எழுதி, சந்தித்துப் பேச நேரம் கேட்டார். வொல்லாஸ்டன் அதைப் பெரிசா எடுத்துக்கொள்ளவே இல்லை. பிறகு சோதனைகளை நேரில் வந்தும் பார்த்தார்.

1823-ல் ராயல் சொசைட்டிக்கு ஃபாரடே பெயரைச் சிலர் முன்மொழிந்தார்கள். தலைவர் யார்? டேவியேதான். அந்த முன்மொழிவை நீக்கச் சொன்னார். போட்டது நான் இல்லை, நான் எப்படி எடுப்பது என்றார் ஃபாரடே. அப்போ முன்மொழிந்தவர்களை எடுக்கச் சொல் என்றார் டேவி. அவர்கள் எடுக்கமாட்டார்கள் என்றார். தலைவர் என்ற முறையில் நானே எடுப்பேன் என்றதற்கு, சங்கத்துக்கு நல்லது எதுவோ அதை நீங்கள் செய்வீர்கள் என்று மட்டும் பதில் சொன்னார். குரல் உயரவில்லை, ஒரு அங்குலம் பின்வாங்கவும் இல்லை. 1824 ஜனவரியில் ஒரே ஒரு எதிர் ஓட்டோடு தேர்வானார். ரகசிய ஓட்டு, யார் போட்டதுன்னு நீங்களே யூகிச்சுக்கோங்க.

இதுக்குப் பிறகும் டேவியைப் பற்றி வெளியே மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. அதில் கொஞ்சம் அதிகமாகவே அடங்கிப் போனாரோ என்று எனக்குத் தோன்றும். டேவி 1829-ல் இறக்கும் வரை மின்காந்தப் பக்கம் அவர் பெரிதாகத் திரும்பவே இல்லை. நாம் தேர்வில் எழுதும் தூண்டல் 1831-ல்தான் வந்தது.

அடங்கிப் போகிறவர் மட்டும்தான் என்று நினைக்காதீங்க. 1835-ல் பென்ஷன் விஷயமாகப் பிரதமர் மெல்போர்ன் கூப்பிட்டுவிட்டு, விஞ்ஞானிகளுக்குப் பென்ஷன் கொடுப்பதையே கேலியாகப் பேசினார். ஃபாரடே எழுந்து வந்துவிட்டார்; வேண்டாம் என்று அன்றே எழுதியும் கொடுத்துவிட்டார். பிரதமர் எழுத்தில் வருத்தம் தெரிவித்த பிறகே வருஷத்துக்கு 300 பவுண்டை ஏற்றுக்கொண்டார்.

இவ்வளவு உறுதியான ஆளும் ஒரு கட்டத்தில் சாய்ந்தார். 1840-ஐ ஒட்டித் தலைசுற்றல், மறதி, கடும் சோர்வு. சமாளிச்சுக்கலாம்னு இழுத்துக்கொண்டு போகாமல் ஆராய்ச்சியை நிறுத்தினார். 1841-ல் மனைவி சாராவோடு சுவிட்சர்லாந்து போய் மாதக்கணக்கில் மலைப்பாதைகளில் நடந்தார். முழுசாகத் திரும்பி வரச் சில வருஷம் ஆனது. 1845-ல் காந்தப்புலம் ஒளியைத் திருப்பும் என்று கண்டுபிடித்ததும் இதே ஆள்தான். செமஸ்டர் நடுவே ரெண்டு நாள் லீவு எடுக்கவே குற்றவுணர்ச்சி வருதுன்னு சொல்றவங்க, இந்த வருஷங்களைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க.

1854-ல் மனப் பயிற்சி பற்றியே ஓர் உரை நிகழ்த்தினார். நமக்குப் பிடித்த முடிவை மனசு ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும், அந்த இடத்தில்தான் அதை அதிகம் சந்தேகப்பட வேண்டும் என்பது அதன் சாரம். மேடைக்காகச் சொன்னதில்லை இது. அவருடைய லேப் நோட்டைப் பாருங்க: பத்தி பத்தியாக எண் போட்டு 16,000-ஐத் தாண்டும். ஜெயித்த சோதனையும் தோற்ற சோதனையும் ஒரே குரலில் இருக்கும். 1862 மார்ச்சில், 70 வயதில், ஞாபகமறதி முற்றிக்கொண்டிருந்த நாளில், காந்தப்புலம் சுடரின் நிறமாலைக் கோடுகளை மாற்றுகிறதா என்று பார்த்தார். எந்த மாற்றமும் தெரியவில்லை என்று எழுதி வைத்தார். அதுதான் கடைசிச் சோதனை. 1867-ல் இறந்தார். அவர் கருவிக்கு எட்டாத அந்த மாற்றத்தை 1896-ல் ஸீமன் பார்த்தார்.