காபியை நினைக்காமல் ஃப்ளாஸ்க் செய்தவர்

நம் பி பிளாக் நண்பர் ஒருவருக்கு வெளிநாட்டிலிருந்து மகள் ஒரு காபி மக் அனுப்பியிருக்கிறார். அடியில் பேட்டரி. செல்போனில் 57 டிகிரி என்று வைத்துவிட்டால், கடைசி வாய் வரைக்கும் அதே சூட்டில் வைத்திருக்குமாம். காலை நடை முடிந்து நாங்கள் நாலு பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம். ஒன்றரை மணி நேரத்தில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. எங்கள் வீட்டு ஃப்ளாஸ்க் சார்ஜே இல்லாமல் மத்தியானம் வரை தாங்குமே என்றேன். அதைக் கண்டுபிடித்தது யார் என்று அவர் கேட்க, தெர்மாஸ் கம்பெனிக்காரன் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தபோதுதான் நான் சொன்னது தவறு என்று தெரிந்தது. அந்தத் திருத்தம்தான் இந்தக் கட்டுரை.

அவர் பெயர் ஜேம்ஸ் டியூவர். ஸ்காட்லாந்தில் ஃபோர்த் ஆற்றங்கரையில் உள்ள கின்கார்டின் என்ற சிற்றூரில் 1842 செப்டம்பர் 20 அன்று பிறந்தார். அப்பா விடுதி நடத்தியவர். ஜேம்ஸ் கடைக்குட்டி. பத்து வயதில், உறைந்த நீர்நிலை ஒன்றின் மேல் போனபோது பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுந்தார். அதைத் தொடர்ந்து மூட்டுகளை முடக்கும் காய்ச்சல் வந்தது. நீண்ட நாள் பள்ளிக்குப் போக முடியவில்லை. அந்தக் காலத்தில் ஊர்த் தச்சரிடம் உட்கார்ந்து வயலின் செய்யக் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் ஆய்வுக்கூடத்தில் தன் கை ஓடியதற்கெல்லாம் அந்த வயலின் பயிற்சியே காரணம் என்று அவர் நம்பினார். அவர் செய்த வயலின்களில் ஒன்று, அவருடைய திருமணப் பொன்விழாவில் வாசிக்கப்பட்டதாம்.

படிப்பு எடின்பரோ பல்கலைக்கழகத்தில். 1875-ல் கேம்பிரிட்ஜில் பேராசிரியர். 1877-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனிலும் பேராசிரியர். இரண்டு பதவிகளையும் சாகும்வரை விடவில்லை. நம் வங்கியில் இரண்டு கிளைக்கு ஒரே மேனேஜர் என்றால் யூனியன் சும்மா விட்டிருக்குமா! ஆனால் அவர் மனம் முழுக்க லண்டனில்தான் இருந்தது.

ராயல் இன்ஸ்டிடியூஷன் என்பது மைக்கேல் ஃபாரடே வேலை பார்த்த இடம். ஃபாரடே பல வாயுக்களைத் திரவமாக்கியவர். ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் போன்ற சில மட்டும் அவருக்குப் பிடிகொடுக்கவில்லை. அந்தப் பழைய பாக்கியைத் தீர்ப்பதே டியூவரின் வேலையாயிற்று. ஆக்சிஜனைத் திரவமாக்குவதில் பிரான்சிலும் போலந்திலும் மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள். டியூவர் அதை நிறைய அளவில் செய்தார். சிக்கல், செய்த பிறகு அதை எங்கே வைப்பது என்பதுதான்.

திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியில் கொதித்துப் போய்விடும். நமக்குக் குளிரும் லண்டன் அறைகூட அதற்கு அடுப்பு மாதிரி. எந்தப் பாத்திரத்தில் ஊற்றினாலும் கண் முன்னால் ஆவியாகும். நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு எப்படிக் காட்டுவது?

சூடு மூன்று வழியில் நகரும் என்று பள்ளியில் படித்திருப்போம். கரண்டிக் காம்பு சுடுவது போலப் பொருள் வழியாக. காற்றும் நீரும் சுழல்வதன் வழியாக. வெயில் வருவது போல இடையில் எதுவுமே இல்லாமல். 1892-ல் டியூவர் இரட்டைச் சுவர் கொண்ட கண்ணாடிக் குடுவை செய்யச் சொல்லி, இரு சுவருக்கும் நடுவே உள்ள காற்றை உறிஞ்சி எடுத்தார். முதல் இரண்டு வழியும் பெரும்பாலும் அடைபட்டன. மூன்றாவது வழிக்குக் கண்ணாடியின் மேல் வெள்ளிப் பூச்சு. கண்ணாடியில் முகம் திரும்பித் தெரிவது போலச் சூடும் திரும்பிப் போயிற்று. வெறும் பாத்திரத்தில் மளமளவென்று கொதித்த திரவம் இதில் அமைதியாகக் கிடந்தது. வெற்றிடச் சுவர் யோசனை அவருக்குப் புதிதல்ல. இருபது ஆண்டுகளுக்கு முன் வேறொரு சோதனைக்குப் பித்தளையில் செய்து பார்த்திருந்தார்.

வீட்டில் பழைய ஃப்ளாஸ்க் இருந்தால் உள்கண்ணாடியை மட்டும் ஜாக்கிரதையாகக் கழற்றி அடிப்பாகத்தைப் பாருங்கள். முலைக்காம்பு போல ஒரு சின்ன நுனி இருக்கும். காற்றை உறிஞ்சிவிட்டு உருக்கி மூடிய இடம் அது. அந்த நுனி உடைந்தால், பார்க்க நன்றாக இருந்தாலும் ஃப்ளாஸ்க் செத்துப்போயிற்று என்று அர்த்தம். கடைக்குப் போய் ‘ரீஃபில்’ வாங்கிப் போட்ட காலம் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

மக்குக்கும் ஃப்ளாஸ்க்குக்கும் வித்தியாசம் இதுதான். மக் போன சூட்டை ஈடுகட்டுகிறது. ஃப்ளாஸ்க் போகாமல் காவல் காக்கிறது. இருப்பு எந்தப் பக்கம் போனாலும் அதற்குக் கவலையில்லை. சூடு வெளியே போவதும் உள்ளே வருவதும் ஒன்றே. குளிருக்காகச் செய்தது காபிக்கும் பொருந்தும் என்பதை டியூவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டவர்கள் பெர்லினில் இருந்தார்கள். கண்ணாடி வேலைக்காரரான ரைன்ஹோல்ட் பர்கரும் அவருடைய கூட்டாளியும், உலோக உறை போட்டுக் கையில் தூக்கிச் செல்லும்படி அமைத்தார்கள். 1903-ல் காப்புரிமை, 1904-ல் தெர்மாஸ் என்ற பெயரில் கம்பெனி. சூடு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். டியூவர் வழக்குப் போட்டார். கண்டுபிடித்தவர் அவர்தான் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் காப்புரிமை எடுக்கவில்லையே. தோற்றுப்போனார்.

காப்புரிமை பற்றித் தெரியாத அப்பாவி என்று நினைத்தால் தவறு. 1889-ல் அவரும் ஃபிரடெரிக் ஏபலும் சேர்ந்து கார்டைட் என்ற புகையில்லா வெடிமருந்தைச் செய்து, முறைப்படி காப்புரிமை எடுத்தவர்கள். அது என்னுடைய கண்டுபிடிப்பை ஒட்டியது என்று ஆல்ஃபிரட் நோபல் தரப்பு வழக்குத் தொடுத்து, 1895-ல் பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றது. வெடிமருந்துக்கு எடுத்த காகிதத்தைக் குடுவைக்கு எடுக்கவில்லை. ஆய்வுக்கூடச் சாமான், யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று இருந்துவிட்டார் போலும். நாற்பது வருடம் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்கு இது ஆச்சரியமே இல்லை. பெரிய டெபாசிட்டுக்கு நாமினேஷன் போடுவார்கள். சேமிப்புக் கணக்கை விட்டுவிடுவார்கள். பிறகு குடும்பம் வந்து நிற்கும்.

அவருக்குப் பெரிய இழப்பு பணமல்ல என்று நினைக்கிறேன். 1898 மே 10 அன்று உலகில் முதன்முறையாக ஹைட்ரஜனைத் திரவமாகச் சேர்த்தார். ஐந்து நிமிடத்தில் 20 மில்லிலிட்டர், அதாவது நாலு டீஸ்பூன். மைனஸ் 253 டிகிரி. மறு ஆண்டே அதைக் கட்டியாகவும் உறைய வைத்தார். மிச்சம் இருந்தது ஹீலியம் ஒன்றுதான். ஹீலியத்தைக் கையாள்வதில் கைதேர்ந்தவர் அதே லண்டனில் இருந்த வில்லியம் ராம்சே. ஆனால் இருவருக்கும் பொதுக்கூட்டத்திலேயே வாக்குவாதம் முற்றிப் பேச்சு நின்றிருந்தது. டியூவரோ கோபக்காரர், உடன் வேலை செய்தவர்களையும் கடிந்துகொள்பவர். அவருடைய சோதனைகளில் நடந்த வெடிப்புகளில் உதவியாளர்கள் இருவர் ஆளுக்கொரு கண்ணை இழந்திருந்தார்கள். சுத்தமான ஹீலியம் போதுமான அளவு கிடைக்காமல், கலந்திருந்த நியான் உறைந்து குழாயை அடைக்க, ஆண்டுகள் போயின. 1908 ஜூலை 10 அன்று ஹாலந்தின் லெய்டன் நகரில் கேமர்லிங் ஓனஸ் ஹீலியத்தைத் திரவமாக்கினார். அதைத் தாங்கிப் பிடித்ததும் டியூவர் குடுவைதான். ஓனஸுக்கு 1913-ல் நோபல் பரிசு வந்தது. டியூவர் பெயர் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

1904-ல் சர் பட்டம் மட்டும் வந்திருந்தது. குழந்தைகள் இல்லை. உலகப்போர் வந்து ஆட்களும் பணமும் குறைந்தபோது குளிர் ஆராய்ச்சியை விட்டுவிட்டு, சோப்புக் குமிழி ஊத ஆரம்பித்தார். தூசு படாமல், ஆடாமல் வைத்தால் குமிழி எத்தனை நாள் நிற்கும் என்று பார்த்தார். மாதக்கணக்கில் நின்றன. 1923 மார்ச் 27 அன்று எண்பதாம் வயதில் இறந்தபோதும் இரண்டு நாற்காலிகளும் அவர் பெயரில்தான் இருந்தன.