கல்லூரி கண்ட கன்னிகை

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், 1858 நவம்பர் 26-ல், பெரும் வங்கி அதிபர் பிரான்சிஸ் டிரெக்செலின் மகளாகப் பிறந்தார் கத்தரீன். ஐந்து வாரத்தில் தாயை இழந்தார். வளர்ப்புத் தாய் எம்மா மூன்று பெண்களையும் அன்போடு வளர்த்து, வீடு தேடி வரும் ஏழைகளுக்கு உதவவும் பழக்கினார்.

1885-ல் தந்தை மரித்தார். சொத்து ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர். பத்தில் ஒரு பங்கு தர்ம ஸ்தாபனங்களுக்குப் போக, மீதியின் வருமானம் மட்டும் பெண்களுக்கு. அவர்களுக்கு வாரிசு இல்லையேல் முதலும் அதே ஸ்தாபனங்களுக்கே என்பது உயில்.

1887-ல் செவ்விந்தியருக்குக் குருக்களை அனுப்புமாறு பாப்பரசர் 13-ஆம் சிங்கராயரிடம் வேண்டினார் கத்தரீன். பாப்பரசரோ அவரையே போகச் சொன்னார்! 1891 பிப்ரவரி 12-ல் வார்த்தைப்பாடு கொடுத்து, செவ்விந்தியருக்கும் கறுப்பினத்தாருக்குமாக நற்கருணைக் கன்னியர் சபையை நிறுவினார். அச்சபையிலும் கறுப்பினப் பெண்கள் நெடுங்காலம் சேர்க்கப்படவில்லை. இதை நாம் மறைப்பது நியாயமன்று.

அடிமைத்தனம் 1865-ல் ஒழிந்தும், தென் மாநிலங்களில் வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பின மாணவருக்குக் கதவடைத்தன. கத்தோலிக்கக் கல்லூரிகளும் விலக்கல்ல. எழுதவே நமக்கு வெட்கமாயிருக்கிறது. பள்ளிக்கு இடம் வாங்குவதே போராட்டம். 1905-ல் நாஷ்வில் நகரில் அன்னை வேறொருவர் மூலமாக ஒரு வீட்டை வாங்கினார். எதற்கென்று பின்னர் அறிந்த பழைய உரிமையாளர் விற்பனையை ரத்துச் செய்ய முயன்றார். அன்னை அசையவில்லை.

1915-ல் நியூ ஓர்லியன்ஸில், வேறொரு கல்லூரி காலி செய்த கட்டடத்தை வாங்கி உயர்நிலைப் பள்ளி தொடங்கினார். 1917-ல் ஆசிரியப் பயிற்சியும், 1925-ல் கலைக்கல்லூரியும், 1927-ல் மருந்தியல் துறையும் வந்தன. அதுவே சவேரியார் பல்கலைக்கழகம். ஆம், நம் முத்துக்குளித்துறையில் ஞானஸ்நானம் கொடுத்த அதே சவேரியார்தான்! கத்தோலிக்கர் அல்லாதாரும் அங்கே படித்தனர். கறுப்பின மருத்துவர், மருந்தாளுநர் பலரை உருவாக்கியதில் அதற்குத் தனிப்பெயர் உண்டு.

ஏறக்குறைய இரண்டு கோடி டாலரை வழங்கிய அன்னை, பென்சிலைத் துண்டாகும்வரை எழுதித் தீர்ப்பார். 1935-ல் மாரடைப்பு, பின்னர் இருபது ஆண்டு அறையில் ஜெபவாழ்வு. 1955 மார்ச் 3-ல், 96 வயதில் மரித்தார். சகோதரிகளுக்கும் பிள்ளைகள் இல்லை. தந்தை உயில் எழுதியபோது அன்னையின் சபையே பிறக்கவில்லையாதலால், டிரெக்செல் செல்வத்தில் அதற்கு ஒரு காசும் சேரவில்லை. ஆயினும் கல்லூரி மூடப்படவில்லை. 1952-ல் அங்கே பட்டம் பெற்ற நார்மன் பிரான்சிஸ் என்ற கறுப்பினப் பொதுநிலையினர் 1968-ல் அதன் தலைவராகி, 2015 வரை நடத்தினார். அன்னைக்கு 2000 அக்டோபர் 1-ல் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.