கடன் மறவாத பாடகி ஜானிஸ் ஜாப்ளின்

பாடிப் புகழ் பெற்றோர் உலகில் பலர். தாம் பாடிய பாட்டு எவரிடமிருந்து வந்தது என்பதை மறவாதோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் அமெரிக்க ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளின். 27 ஆண்டுகளே வாழ்ந்த இவ்வம்மையாரின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் நன்று எனக் கருதி, ஈண்டுச் சுருக்கமாக வரைகின்றோம்.

ஜானிஸ் 1943ஆம் ஆண்டு சனவரி 19ஆம் நாள், டெக்சாஸ் மாநிலத்துப் போர்ட் ஆர்தர் நகரில் ஒரு வெள்ளையர் குடும்பத்தில் பிறந்தார். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் நிறைந்த ஊர் அது. உடன்பிறந்தார் மூவருள் அவரே மூத்தவர். வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்பின மக்களின் பிள்ளைகளுக்கு வேறொரு பள்ளி என்று பிரித்து வைத்திருந்த காலம். அப்பிரிவினை தவறு என்று பள்ளியிலேயே பேசினார் ஜானிஸ். அதற்காக உடன் பயின்றோர் அவரை இழித்துரைத்தனர். அவருடைய உருவத்தையும் எள்ளி நகையாடினர். பின்னர் ஆஸ்டின் நகரப் பல்கலைக்கழகத்திலும் அவ்வேளனம் தொடர்ந்தது.

தனிமையுற்ற அப்பெண்ணுக்குத் துணையாக வந்தவை பழைய புளூஸ் இசைத்தட்டுகள். அடிமைத்தளையினின்று விடுபட்டும் உரிமை பெறாத கறுப்பின மக்கள், வயலிலும் சாலையிலும் உழைத்துக்கொண்டே தம் துயரைப் பாடியதிலிருந்து பிறந்ததே புளூஸ். அக்கலையின் பேரரசி எனப் போற்றப்பெற்றவர் பெஸ்ஸி ஸ்மித். இளமையிலேயே பெற்றோரை இழந்து, தெருவில் பாடிக் காசு ஈட்டிய ஏழைப் பெண் அவர். 1923இல் அவர் பாடிய முதல் இசைத்தட்டு பெருவெற்றி பெற்றது. 1937இல் மிசிசிப்பி மாநிலத்தில் நேர்ந்த சாலை விபத்தில் மாண்டார். பிலடெல்பியாவில் பல்லாயிரவர் திரண்டு இறுதி மரியாதை செலுத்தினர். ஆயினும் அவர் கல்லறைமீது பெயர் பொறித்த ஒரு கல்லும் வைக்கப்படவில்லை.

அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டே ஜானிஸ் பாடக் கற்றார். 1966இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஓர் இசைக்குழுவிற் சேர்ந்தார். 1967ஆம் ஆண்டு மான்டரே இசை விழாவில் அவர் பாடியது, கறுப்பினப் பாடகி பிக் மாமா தார்ன்டனின் பாடல். ஒரே நாளில் நாடறிந்தவரானார். 1968இல் வெளிவந்த ‘சீப் திரில்ஸ்’ இசைத்தட்டு எட்டு வாரம் விற்பனையில் முதலிடம் வகித்தது.

ஈண்டு ஓர் உண்மையை மறைத்தல் தகாது. புளூஸையும் அதன் வழிவந்த சோல் இசையையும் ஆக்கிய கறுப்பினக் கலைஞர் பலர் வறுமையில் வாட, அவற்றைப் பாடிய வெள்ளையர்க்குப் பொருளும் புகழும் குவிந்தன. அந்நிலையாற் பயன் பெற்றவருள் ஜானிஸும் ஒருவர். எனினும் தமக்கு வழிகாட்டியோரின் பெயரை அவர் மறைக்கவில்லை. சென்றவிடமெல்லாம் பெஸ்ஸி ஸ்மித்தின் பெயரைச் சொன்னார். பெஸ்ஸியின் வீட்டில் சிறுமியாக இருந்தபோது வேலை செய்த ஜுவானிட்டா கிரீன் என்னும் கறுப்பின அம்மையாரும் ஜானிஸும் செலவைப் பகிர்ந்துகொள்ள, 1970 ஆகஸ்டில், 33 ஆண்டுகள் பெயரின்றிக் கிடந்த அக்கல்லறைமீது கல் நாட்டப்பெற்றது.

அடுத்த மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ‘பேர்ல்’ என்னும் இசைத்தட்டுக்கான பதிவு தொடங்கியது. ‘முத்து’ எனப் பொருள்படும் அப்பெயர் ஜானிஸின் செல்லப்பெயர். கார்னெட் மிம்ஸ், ஹோவர்ட் டேட் முதலிய கறுப்பினப் பாடகர்கள் முன்னர்ப் பாடிய சோல் பாடல்கள் அதில் இடம்பெற்றன; சோல் கலைஞர் பாபி வோமேக் ஒரு பாடலை வழங்கியதோடு கிதாரும் இசைத்தார்.

ஆனால் மதுவும் ஹெராயினும் அவ்வாழ்வை அரித்துவந்தன. அக்டோபர் 4ஆம் நாள் விடுதி அறையில் ஹெராயினால் உயிர் துறந்தார். ஒரு பாடலுக்கு இசை மட்டும் பதிவாகியிருந்தது. பாடவேண்டிய குரல் மறைந்துவிட்டது. குரலின்றியே அதனை இசைத்தட்டிற் சேர்த்தனர். 1971 சனவரியில் வெளிவந்த ‘பேர்ல்’ ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றது. 1999இல் ஒலி செப்பம் செய்யப்பெற்றுப் புதுப்பதிப்பாகவும் வந்தது. இத்தகைய ஆற்றலைப் போதை உண்டழித்ததை எண்ணி, இளைஞர்கள் அத்தீமையை அணுகாதிருத்தல் வேண்டும்.

ஜானிஸின் சாம்பல் பசிபிக் கடலில் தூவப்பெற்றது. அவருக்குக் கல்லறை இல்லை. பிறிதொருவர்க்கு அவர் நாட்டுவித்த கல்லோ இன்றும் பெஸ்ஸியின் பெயர் தாங்கி நிற்கின்றது. நமக்கு வழியமைத்த முன்னோருள்ளும் பெயரின்றி உறங்குவோர் பலர். அவர்தம் பெயர்களை வினவி அறிந்து, பிழையற எழுதி வைத்தல் கற்றோராகிய நம் கடனாம்.