முதற்பந்தை வீசியவர்

நுழையும்முன்

ஒரே ஆட்டத்தில் நாட்டின் சார்பாக ஆடுவதே அரிய பேறு. மட்டைப்பந்து, வளைகோல்பந்து ஆகிய இரண்டிலும் இந்தியாவிற்காக ஆடியவர் எம். ஜே. கோபாலன். அவரது வாழ்வில் புகழும் உண்டு; இழப்பும் உண்டு. இரண்டையும் ஒருசேர அறிவது பயன்தரும்.

திருவல்லிக்கேணி தந்த வீரர்

செங்கற்பட்டுப் பகுதியைச் சேர்ந்த மொறப்பாக்கத்தில் 1909ஆம் ஆண்டு சூன் 6ஆம் நாள் கோபாலன் பிறந்தார், திருவல்லிக்கேணியில் வளர்ந்தார். அவரது பந்துவீச்சுத் திறனை முதலில் இனங்கண்டவர் சி. பி. ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். விளையாட்டு மட்டுமே சோறு போடாத காலம் அது. எனவே, பர்மா ஷெல் நிறுவனத்தில் கோபாலனுக்கு வேலை கிடைக்கவும் ஜான்ஸ்டன் வழிசெய்தார். ஆண்டுதோறும் பொங்கலையொட்டிச் சேப்பாக்கத்தில் இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் இடையே நடைபெற்ற மாகாணப் போட்டிகள் அவரது திறனை வளர்த்தன.

வரலாற்றில் ஓர் நாள்

1934 சனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக நடைபெற்ற டெஸ்ட் போட்டியில் சி. கே. நாயுடு தலைமையின்கீழ்க் கோபாலன் ஆடினார். அவர் ஆடிய டெஸ்ட் போட்டி அது ஒன்றே. அவ்வாண்டு நவம்பர் 4ஆம் நாள், பின்னாளில் ரஞ்சிக் கோப்பை என வழங்கப்பெற்ற தேசியப் போட்டி சேப்பாக்கத்தில் தொடங்கியது. சென்னையும் மைசூரும் மோதிய அவ்வாட்டத்தின் முதற்பந்தை வீசியவர் கோபாலனே. மைசூர் அணி 48, 59 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. சென்னை அணி 130 ஓட்டங்கள் எடுத்தது. ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளை வீழ்த்த, ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது.

இரு வழிகள்

1935இல் தியான்சந்துடன் இந்திய வளைகோல்பந்து அணியில் இடம்பெற்று நியூசிலாந்து சென்றார். மறு ஆண்டு இரு வழிகள் அவர்முன் நின்றன. ஒன்று பெர்லின் ஒலிம்பிக்கை நோக்கியது. மற்றொன்று மட்டைப்பந்து அணியுடன் இங்கிலாந்து செல்வது. ஒலிம்பிக் அணித் தேர்வை விடுத்துக் கோபாலன் இங்கிலாந்து சென்றார். அங்கு நடைபெற்ற மூன்று டெஸ்ட் போட்டிகளில் ஒன்றிலும் அவருக்கு வாய்ப்புக் கிட்டவில்லை. 1936 ஆகஸ்டு 15ஆம் நாள் ஓவல் திடலில் மூன்றாம் டெஸ்ட் தொடங்கியபோது, ஆடும் அணியில் அவர் பெயர் இல்லை. அதே நாளில் பெர்லினில் இந்திய வளைகோல்பந்து அணி ஜெர்மனியை 8-1 என வென்று தங்கப்பதக்கம் பெற்றது.

தளராத உழைப்பு

கைக்கு எட்டிய தங்கம் நழுவியபோதும் கோபாலன் களத்தை விட்டு விலகவில்லை. பின்னரும் பல ஆண்டுகள் சென்னை அணியின் நம்பிக்கைக்குரிய வேகப்பந்து வீச்சாளராகத் திகழ்ந்தார்; தேவைப்படும்போது மட்டையாலும் அணியைத் தாங்கினார். பின்னாளில் தேசியத் தேர்வுக் குழுவிலும் பணியாற்றினார். அவரது நெடுநாள் தொண்டைச் சிறப்பிக்கும் வகையில் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே கோபாலன் கோப்பைப் போட்டி 1950களில் தொடங்கியது. டெஸ்ட் தகுதி பெறாதிருந்த இலங்கை வீரர்களுக்கு அப்போட்டி சிறந்த பயிற்சிக்களமாக அமைந்தது.

2003 டிசம்பர் 21ஆம் நாள் கோபாலன் சென்னையில் மறைந்தார். பதக்கமும் பெரும்பட்டியலும் அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும், ரஞ்சிக் கோப்பையின் வரலாற்றை எழுதுவோர் எவரும் அவர் பெயரிலிருந்தே தொடங்க வேண்டும்.